ஹையான் புயல்: இரண்டு நாள் முன்பே எச்சரித்தும் 6,300 பேர் இறந்தது எதனால்?

கேள்வி — கரைவாசி

வணக்கம். 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்சைத் தாக்கிய ஹையான் புயலைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். அந்நாட்டு மக்கள் அதை யோலாண்டா என்றே அழைக்கிறார்கள். படிக்கப் படிக்க ஒரு கேள்வி என்னை விட்டு அகல மறுக்கிறது.

அந்தப் புயல் திடீரென்று வந்ததன்று. நாட்டின் வானிலை நிறுவனமான பாகாசா தொடர்ந்து அறிவிப்புகளை வெளியிட்டிருக்கிறது. முந்தைய நாள் மாலை அதிபர் பெனிக்னோ அகினோவே தொலைக்காட்சியில் தோன்றி, சில பகுதிகளில் 5 முதல் 6 மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழக்கூடும் என்று எச்சரித்திருக்கிறார். பல லட்சம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டும் இருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் இறந்தவர்கள் 6,300 பேர், காணாமல் போனவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், காயமடைந்தவர்கள் 28,000-க்கும் மேற்பட்டோர் என்று அரசுக் கணக்கு கூறுகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் பாதுகாப்பு முகாம் என்று ஒதுக்கப்பட்ட கட்டடங்களுக்குள்ளேயே இறந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. சொன்ன பேச்சைக் கேட்டு முகாமுக்குப் போனவர்கள் ஏன் இறக்க வேண்டும்?

இன்னொன்றும் புரியவில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும் 'காணாமல் போனோர்' என்று ஒரு தனி எண் அப்படியே நிற்கிறதே, அதன் பொருள் என்ன? அந்தக் குடும்பங்கள் எந்த நிலையில் வாழ்கின்றன? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 — அலைக்கணக்கு

கடலோரக் கட்டுமானங்களில் அலையின் விசையைக் கணக்கிடுவது என் தொழில் என்பதால், தங்கள் கேள்வியின் முதற்பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

ஹையானைப் பற்றிய செய்திகள் எல்லாம் காற்றின் வேகத்தில்தான் தொடங்கும். மணிக்கு 315 கிலோமீட்டர் என்பது ஒரு நிமிடச் சராசரியை வைத்து அமெரிக்கப் புயல் எச்சரிக்கை மையம் கொடுத்த மதிப்பு. 230 என்பது பத்து நிமிடச் சராசரியை வைத்து ஜப்பானிய வானிலை நிறுவனம் கொடுத்த மதிப்பு. இரண்டும் அளக்கும் முறையால் வேறுபடுகின்றன. எப்படி அளந்தாலும், கரையைக் கடந்த புயல்களில் மிகக் கடுமையானவற்றுள் அது ஒன்று. ஆனால் மக்களைக் கொன்றதில் பெரும்பங்கு தண்ணீருடையது. அதிகாலையில் புயல் முதலில் கரையேறிய குயுவான் நகரில் காற்று கூரைகளையும் சுவர்களையும் பிய்த்து எறிந்தது. ஆயினும் அங்கே இறந்தோர், பிறகு தாக்கப்பட்ட டக்லோபனோடு ஒப்பிட மிகவும் குறைவு. உயிரிழப்பு குவிந்தது டக்லோபன், பாலோ, தனாவன் ஆகிய மூன்று ஊர்களில். மூன்றுமே லெய்ட்டே தீவின் கிழக்குக் கரையில், சான் பெட்ரோ விரிகுடாவையும் அதை ஒட்டிய கடலையும் பார்த்தபடி அமைந்தவை.

அந்த விரிகுடாவின் வடிவத்தை வரைபடத்தில் ஒருமுறை பாருங்கள். அகன்ற லெய்ட்டே வளைகுடா வடமேற்கே செல்லச் செல்லக் குறுகி, ஆழமும் குறைந்து, டக்லோபன் அருகே ஏறக்குறைய ஒரு புனலின் மூக்குப் போல முடிகிறது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் 895 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியிருந்தது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரும். ஆக, அழுத்தக் குறைவால் மட்டும் மையத்தில் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே நீர் உயர்ந்திருக்கும். மீதி முழுவதும் காற்று தள்ளிக்கொண்டு வந்த நீர். ஆழமான கடலில் தள்ளப்படும் நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழமற்ற புனலில் அது திரும்பிப் போக வழியின்றி மேலே ஏறும். டக்லோபனில் 5 மீட்டருக்கும் மேல் ஏறியது.

அதிலும் கொடுமையான ஒரு கூறு உண்டு. புயலின் மையம் டக்லோபனுக்குத் தெற்கே, தொலோசா வழியாகக் கடந்தது. மையம் நெருங்கும் வரை விரிகுடாவின் மேல் வீசியது வடக்கிலிருந்து வந்த காற்று. அது நீரைக் கடலை நோக்கி வெளியே தள்ளியது. மையம் கடந்ததும் காற்று கிழக்கும் தென்கிழக்குமாகத் திரும்பி, வெளியே தள்ளப்பட்ட நீரையும் அதற்குப் பின்னால் இருந்த நீரையும் சேர்த்து உள்ளே கொண்டு வந்தது. எனவே நீர் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்ந்து மக்களுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. பின்வாங்கியிருந்த கடல் குறுகிய நேரத்தில் மேலேறியது. காற்றுக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்து உள்ளே இருந்தவர்களுக்கு, நீர் வருவதே தெரிந்திருக்காது.

முகாம்கள் ஏன் காக்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அவை காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டடங்கள். கற்சுவர் உள்ள பள்ளி, தேவாலயம், விளையாட்டரங்கம் ஆகியவை காற்றைத் தாங்கும். அவற்றுள் பல தாழ்வான கடலோரத்தில், மாடியின்றி இருந்தன. உறுதியான சுவரும் பூட்டிய கதவும் காற்றில் காவல். தண்ணீர் நிறைந்தால் அவையே வெளியேற விடாத பெட்டி.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். புயல் கடல்நீரை இப்படிக் கரைமேல் தள்ளி ஏற்றுவதைக் குறிக்க, எச்சரிக்கையில் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலத் தொடர் அப்படியே பயன்படுத்தப்பட்டது. டக்லோபன் மக்கள் அன்றாடம் பேசுவது வாராய் மொழி. அந்த ஆங்கிலத் தொடரைக் கேட்டவர்களுள் பலர், வழக்கமாகப் புயலின்போது எழும் பெரிய அலைகள் என்றே எடுத்துக்கொண்டார்கள். சுனாமி வருகிறது என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று உயிர் தப்பியவர்கள் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்னார்கள். புயலறிவில் அது பிழையான சொல்தான். ஆனால் ஓட வைத்திருக்கும் சொல். தமிழிலும் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை என்பதை இதை எழுதும்போது உணர்கிறேன். புயல் அலை என்றால் அலை என்று எண்ணிவிடுவார்கள். கடல்கோள் என்ற நம் பழைய சொல் நிகழ்ச்சிக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறது.

மறுமொழி 2 — இரவுப்பணி

நான் செவிலியர். 2013 நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு தன்னார்வ மருத்துவக் குழுவோடு லெய்ட்டேக்குச் சென்று ஆறு வாரங்கள் பணியாற்றினேன். கரைவாசி அவர்களின் இரண்டாவது கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கூடாரம் ஒரு பள்ளியின் திடலில் இருந்தது. வகுப்பறை ஒன்றில் கரும்பலகைக்கு மேலே, ஏறத்தாழக் கூரையின் விளிம்பை ஒட்டி, நீர் நின்ற கோடு சேற்று நிறத்தில் சுவரைச் சுற்றிப் படிந்திருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டுதான் ஒவ்வொரு நாளும் மருந்துப் பெட்டிகளைப் பிரித்தோம். முதல் நாள்களில் அண்ணாந்து பார்ப்பேன். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

எங்களிடம் வந்த காயங்களுள் பெரும்பாலானவை தகரக் கூரைகளால் ஏற்பட்டவை. காற்றில் பறந்த தகரம் வெட்டியது ஒருபுறம். பிறகு இடிபாடுகளுக்குள் உறவினரைத் தேடி வெறுங்காலோடு நடந்தபோது ஆணியும் தகரமும் கிழித்தது மறுபுறம். அந்த இரண்டாம் வகைக் காயங்களே மிகுதி. சேற்று நீர் பட்ட காயம் என்பதால் தசைவிறைப்பு நோயை (டெட்டனஸ்) எண்ணி நாங்கள் அஞ்சினோம். அந்த அச்சம் வீண் போகவில்லை. சாதாரண காலத்தில் ஒரு தடுப்பூசியோடு முடிந்திருக்க வேண்டிய கால் காயம், இரண்டு வாரம் கவனிப்பாரற்றுப் போனதால் தாடை இறுகிய நிலையில் ஒரு மனிதரை எங்களிடம் கொண்டு வந்து சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய இறப்புகள் எல்லாம் புயலின் கணக்கில் ஏறுகின்றனவா என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கிடைக்காமல் அந்த மாதம் போன முதியவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்?

இப்போது காணாமல் போனோரைப் பற்றிச் சொல்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், நாற்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். உடம்புக்கு என்ன என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு நெகிழிப் பையை எடுத்தார். அதற்குள் நீரில் ஊறிக் காய்ந்து அலையலையாகச் சுருண்ட ஒரு நிழற்படம். மனைவி, ஒரு பெண் குழந்தை, ஒரு பையன். பெண்ணின் முகம் இருந்த இடத்தில் வண்ணம் கரைந்து வெள்ளையாக இருந்தது. இவர்கள் மூவரும் இறந்துவிட்டார்கள் என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா, நீங்கள் மருத்துவமனைக்காரர்கள்தானே என்று கேட்டார். உடலைப் பார்க்காமல் எங்களால் எழுத முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. என் பணிக்காலத்தில் நான் சொன்ன சொற்களில் அதைப் போலக் கனத்தது வேறில்லை.

அந்நாட்டின் சட்டப்படி, இறந்திருக்கக்கூடிய ஆபத்தில் சிக்கிக் காணாமல் போனவர் நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே சொத்துரிமை முதலியவற்றுக்கு இறந்தவராகக் கருதப்படுவார். வாழ்க்கைத்துணை மறுமணம் செய்ய வேண்டுமானால் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து நீதிமன்றத்தை நாட வேண்டும். உதவித்தொகை, நிலத்தின் பெயர்மாற்றம், அனாதையான குழந்தையின் பாதுகாப்பு என எதற்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது. அந்தத் தாளுக்கு ஓர் உடல் தேவைப்படுகிறது. கரைவாசி அவர்கள் கேட்ட எண்ணின் பொருள் இதுதான். ஆயிரத்துச் சொச்சம் பேரும் இறந்தவர்கள் என்பதில் அவர்கள் வீட்டாருக்கு ஐயமில்லை. உடல் கிடைக்காததால் அந்த எண் தனியே நிற்கிறது.

கிடைத்த உடல்களுக்கும் பெயர் கிடைத்தது என்று எண்ண வேண்டாம். சாலை ஓரத்தில் பைகளில் வைக்கப்பட்ட உடல்கள் வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் கிடந்தன. அடையாளம் காணும் பணி தொடங்கியபோது முகம் பார்த்து அறியும் நிலை கடந்துவிட்டது. டக்லோபனின் பாஸ்பர் பகுதியில் உள்ள கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டார்கள். பிற்பாடு அங்கே வெள்ளைச் சிலுவைகள் வரிசையாக நடப்பட்டன. எந்தச் சிலுவைக்குக் கீழே யார் என்பது எவருக்கும் தெரியாது. உறவினர்கள் ஏதேனும் ஒரு சிலுவையைத் தமக்கென்று தேர்ந்துகொண்டு, அதில் தம்மவர் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள்.

கரைவாசி

இருவருக்கும் நன்றி. சகோதரியின் பதிலைப் படித்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்த மீனவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தங்களுக்குத் தெரியுமானால், சொல்ல மனம் இருந்தால், சொல்லுங்கள்.

உயிர் தப்பியவர்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்கள் என்பதையும் யாராவது எழுதினால் நல்லது. 11 லட்சம் வீடுகள் சேதம், அவற்றில் ஏறக்குறையப் பாதி முற்றிலும் அழிவு என்று படிக்கிறேன். அந்த எண்ணிக்கை மனத்தில் உருவமாக நிற்கவே இல்லை.

மறுமொழி 3 — மண்ணும்மரமும்

வீடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். நான் தென்னையிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அந்தத் தீவுகளில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வீட்டை மறுபடி கட்டும் பணம் தென்னையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஹையான் சாய்த்தும் முறித்தும் கெடுத்த தென்னைகள் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம். வேளாண் திட்டமொன்றின் களப்பணியாளராக 2014இல் நான் அங்குச் சென்றபோது மலைச்சரிவு முழுவதும் மரங்கள் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. நின்ற மரங்களும் உச்சி முறிந்த கம்பங்களாகவே நின்றன. குருத்து போன தென்னை பிழைக்காது என்பதைத் தென்னை அறிந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. நெல் வயலில் உப்பு நீர் புகுந்தாலும் மழை கழுவி, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஒரு விளைச்சலைத் தந்துவிடும். புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். ஒரு கொப்பரை விவசாயிக்கு அன்று காலை சில மணி நேரத்தில் போனது, தன் பிள்ளையின் பள்ளிப் படிப்புக் காலம் முழுவதற்குமான வருமானம்.

அதோடும் நிற்கவில்லை. விழுந்த மரங்களை அப்படியே விட்டால் அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தப்பிய மரங்களையும் புதுக் கன்றுகளையும் தாக்கும். ஆகவே கோடிக்கணக்கான மரங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அறுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் உள்ளிட்டோர் சங்கிலி வாள்களைக் கொடுத்து உதவினார்கள். அறுத்த பலகையே பல வீடுகளுக்குச் சட்டமாயிற்று. ஒரு முதியவர் தம் தந்தை நட்ட மரத்தை அறுத்து அதன் பலகையால் தம் வாசல் நிலையைப் பொருத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். சுற்றளவைக் கையால் அளந்து காட்டி, இது எனக்கு அண்ணன் முறை, எனக்கு முன்னால் பிறந்தது என்றார். நிலம் அவருடையதன்று. அங்கே குத்தகைக்கும் பங்குக்கும் பயிர் செய்வோரே மிகுதி. மரம் விழுந்தால் பலகை நிலவுடைமையாளருக்கா, வளர்த்தவருக்கா என்ற வழக்கு ஊர் ஊராக நடந்தது.

கடலோரத்தில் படகுகளின் கதை வேறு. ஏறத்தாழ முப்பதாயிரம் மீன்பிடிப் படகுகள் உடைந்தன அல்லது காணாமல் போயின. உதவி நிறுவனங்களுக்குப் படகு கொடுப்பது எளிதாகத் தெரிந்ததால் சில கரைகளில் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகப் படகுகள் வந்து சேர்ந்துவிடுமோ, ஏற்கெனவே மீன் குறைந்திருந்த கடல் தாங்குமா என்ற கவலை பிற்பாடு எழுந்தது. முதல் சில மாதங்களில் படகு இருந்தவரும் மீனை விற்க முடியவில்லை. விரிகுடாவில் எத்தனை உடல்கள் கிடக்கின்றன என்று அறிந்த மக்கள், அந்த மீனை உண்ண மறுத்தார்கள்.

வீடுகளுக்கு வருகிறேன். கடற்கரையிலிருந்து 40 மீட்டருக்குள் யாரும் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. ஆறு மீட்டர் உயர நீருக்கு 40 மீட்டர் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் அந்த விதி பிறகு, ஒவ்வோர் இடத்திலும் உள்ள ஆபத்தைப் பொறுத்து எல்லை வகுக்கும் முறைக்கு மாற்றப்பட்டது. டக்லோபனின் கடலோரக் குடிசைவாசிகளை நகரின் வடபகுதியில் கட்டப்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். கட்டடம் இருந்தது; குழாயில் நீர் இல்லை. ஆண்டுக்கணக்கில் லாரியில் வரும் நீருக்காகக் காத்திருந்தார்கள். மீனவர் தம் படகிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்தில் குடியமர்த்தப்பட்டார். நாளும் நகரத்துக்கு வந்து போகும் வண்டிச் செலவு வருமானத்தைத் தின்றது. குடும்பத்தைப் புதிய வீட்டில் வைத்துவிட்டு ஆண்கள் மட்டும் பழைய கரையில் மறுபடி குடிசை போட்டுத் தங்கியதை நானே பார்த்தேன். அவர்களுக்குப் பிடிவாதம் என்று பேசுவோர் உண்டு. கடல்தான் பிழைப்பு என்றானவனிடம், கடலை விட்டு விலகிப் போ என்பது பாதி மட்டும் யோசித்துச் சொல்லப்படும் அறிவுரை.

மறுமொழி 4 — நடுத்தீவு

மேலே உள்ள மறுமொழிகளோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் அலைக்கணக்கு அவர்கள் கூறியதில் இரண்டைச் சேர்க்கவும், ஒன்றைச் சற்றே மறுக்கவும் விரும்புகிறேன்.

முதலாவது, கொன்ற நீர் எல்லா இடத்திலும் ஒரே வகையானதன்று. லெய்ட்டேக்கு அடுத்துள்ள சாமர் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹெர்னானி என்ற ஊர் சான் பெட்ரோ விரிகுடாவில் இல்லை; ஆழ்கடலைப் பார்த்தபடி, பவளப் பாறைத் திட்டுக்குப் பின்னால் இருக்கிறது. புனல் கணக்கின்படி அங்கே பெரிதாக ஒன்றும் நடந்திருக்கக் கூடாது. ஆனால் அங்கே உயிர் பிழைத்த ஓர் உதவி நிறுவனப் பணியாளர் எடுத்த காணொளியில், சுனாமியைப் போலவே ஒரு நீர்ச்சுவர் வந்து ஒரு வீட்டை முழுதாகத் தூக்கிச் செல்வதைக் காணலாம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. பெரும் அலைகள் கூட்டம் கூட்டமாக வந்து பாறைத் திட்டின் விளிம்பில் உடையும்போது, அவற்றின் ஆற்றல் நிமிடக் கணக்கில் நீளும் ஒரே அலையாகத் திரண்டு திட்டின் மேல் பாய்கிறது. பவளத்திட்டு கரையைக் காக்கும் என்ற பொதுவான நம்பிக்கை, அந்தக் காலையில் அந்த ஊருக்கு மட்டும் பொய்த்தது.

இரண்டாவது, இந்தக் கடல் முன்பும் வந்திருக்கிறது. 1897 அக்டோபரில் இதே சாமரையும் லெய்ட்டேயையும் தாக்கிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்ததைப் பற்றி, மணிலா வானாய்வகத்தில் இருந்த இயேசு சபைத் துறவி ஹோசே அல்குவே விரிவாக எழுதியிருக்கிறார். நூற்றுப் பதினாறு ஆண்டுகள் என்பது நான்கைந்து தலைமுறை. அதற்குள் அந்த நினைவு கரைந்துவிட்டது. மாறாக, லெய்ட்டே மக்களின் நினைவில் உயிரோடு இருந்தது 1991இல் ஓர்மோக் நகரில் 5,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற வெள்ளம். அது மலையிலிருந்து வந்தது. அழிவு என்றால் மலைப் பக்கத்திலிருந்து வரும் என்று அந்த நினைவு கற்றுக்கொடுத்திருந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி மறுப்பு. சொல் புரியாததால் இறந்தார்கள் என்ற விளக்கம் உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொன்னால் மக்கள் மேல் ஒரு பழி தங்கிவிடுகிறது. சொல் புரிந்திருந்தாலும் டக்லோபனில் அத்தனை பேரும் எங்கே போயிருப்பார்கள்? இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரம், உயரமான உறுதியான கட்டடங்கள் குறைவு, மேட்டு நிலத்துக்குப் போக வண்டி வேண்டும், போனால் வீட்டில் இருக்கும் கொஞ்ச நஞ்சப் பொருளும் திருடு போகும் என்ற அச்சம். பல குடும்பங்களில் பெண்களையும் குழந்தைகளையும் அனுப்பிவிட்டு ஆண்கள் வீட்டைக் காக்க நின்றார்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டாக ஒரு சிறு தீவு இருக்கிறது. செபு மாநிலத்தின் கமோட்டெஸ் தீவுகளை ஒட்டியுள்ள துலாங் தியோட்டில் அப்போது ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். புயலுக்கு முன்பே அத்தனை பேரையும் படகில் ஏற்றிப் பக்கத்துப் பெரிய தீவுக்குக் கொண்டு சென்றார்கள். புயல் போன பிறகு அங்கே ஐந்நூறு வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. சில வீடுகளைச் சேர்த்து ஒரு குழு, அதற்கு ஊராரே தேர்ந்தெடுத்த ஒரு தலைவர், எந்த வீட்டில் நடக்க இயலாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று அவர் கையில் ஒரு கணக்கு என்று அந்தத் தீவின் நகராட்சி ஆண்டுக்கணக்கில் பழகி வந்த ஏற்பாடு அது. கதவைத் தட்டி, வாருங்கள், படகு நிற்கிறது என்று தெரிந்த ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அந்த அழைப்பை ஆங்கிலத் தொடர் எதுவும் குழப்பியிருக்க முடியாது.

அடுத்த ஆண்டு, 2014 டிசம்பரில் ஹகுபிட் புயல் கிழக்குச் சாமரில் கரையேறியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை ஆயிரங்களிலிருந்து பத்துகளுக்கு இறங்கியது. புயலும் வலுக் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் அந்த முறை பலரை வற்புறுத்தி ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தாமாகவே பாதுகாப்பான இடங்களை நோக்கிச் சென்றார்கள்.

6,300 என்ற எண்ணையும் கவனமாகவே கையாள வேண்டும். அரசுக் கணக்கு அந்த இடத்தில் நின்றுவிட்டது. அதன் பிறகு இடிபாடுகளிலிருந்து வந்தவற்றையும், குடும்பங்களே அவசரமாகப் புதைத்துவிட்டவர்களையும் நினைத்து, அது குறைவு என்றே டக்லோபன்வாசிகள் பலர் நம்புகிறார்கள். 'குறைந்தது 6,300' என்று எழுதுவதே முறை என்பது என் கருத்து.

இரவுப்பணி

கரைவாசி அவர்கள் அந்த மீனவரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். விடுமுறையில் இருந்ததால் உடனே எழுத இயலவில்லை.

2015 நவம்பரில், இரண்டாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான் மறுபடி அங்குச் சென்றேன். மாலையில் டக்லோபன் முழுவதும் வாசல்களிலும் சாலை ஓரத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். காலையில் பாஸ்பர் கல்லறைக்குப் போனபோது அவரைக் கண்டேன். அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையில் ஒரு சிறிய வண்ணக் குப்பியும், முடி தேய்ந்த தூரிகையும் வைத்திருந்தார். வரிசையின் கடைசியில், சாலையைப் பார்த்தபடி இருக்கும் சிலுவையைத் தமதென்று வைத்துக்கொண்டிருந்தார். ஏன் ஓரத்தில் என்று கேட்டேன். பையனுக்கு வண்டிகளைப் பார்க்கப் பிடிக்கும் என்றார்.

மழையும் வெயிலும் எழுத்தை ஆண்டுக்குள் அழித்துவிடுகின்றனவாம். மூன்று பெயர்களையும் அவர் மறுபடி எழுதினார். குறுக்குக் கட்டையில் இடம் போதாததால் மகளின் பெயரில் கடைசி எழுத்துகள் நெருங்கிச் சிறுத்துவிட்டன. நின்று பார்த்தார், ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அந்தப் பெயரை மட்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.